குடல் நூலும் மீன் தோலும்: விலங்குகளின் புண்களை ஆற்றிய இயற்கைப் பொருட்களின் வரலாறு

கால்நடை மருந்தகத்தில் பசுவின் கருப்பையைத் தைக்கும் மருத்துவரின் கையில் பெரும்பாலும் பழுப்பு நிற நூல் ஒன்று இருக்கும். அது பருத்தியும் அன்று, பட்டும் அன்று. ஆடு அல்லது மாட்டின் குடலிலிருந்து எடுக்கப்பட்டுத் திரிக்கப்பட்ட நூல். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'கேட்கட்'. பெயரில் பூனை இருந்தாலும் பூனைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இவ்வாறு ஓர் உயிரினத்திடமிருந்து பெறப்பட்டு, இன்னொரு உயிரினத்தின் புண்ணைத் தைக்கவும் மூடவும் சிதைந்த திசுவை மீண்டும் வளரச் செய்யவும் பயன்படும் பொருட்களை இயற்கை உயிரிப் பொருட்கள் என்கிறோம். குடல், தோல், தசைநாண், இதய உறை, பனிக்குட உறை, பித்தப்பை, மீன் தோல் எனப் பட்டியல் நீளமானது. இவற்றுள் பெரும்பாலானவற்றின் அடிப்படைப் பொருள் ஒன்றுதான். அது கொலாஜன் எனும் நார்ப்புரதம்.

இந்த வரலாற்றில் விலங்குக்கு மூன்று வேடங்கள் உண்டு. பொருளைக் கொடுத்தது விலங்கு. அந்தப் பொருள் முதலில் சோதிக்கப்பட்டதும் விலங்கின் உடலில்தான். ஆனால் நோயாளி என்ற மூன்றாவது வேடம் அதற்கு மிகத் தாமதமாகவே கிடைத்தது. ஏன் தாமதம், தாமதித்து வந்தது என்ன கொடுத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பழைய நூல்கள்

சுசுருத சம்ஹிதை புண்களைத் தைக்கப் பரிந்துரைக்கும் நூல்களில் மரப்பட்டை நார், சணல், ஆளி ஆகியவற்றோடு தசைநாணும் மயிரும் இடம்பெறுகின்றன. கிழிந்த குடலின் விளிம்புகளைக் கடிக்கவைத்து, உடலைக் கிள்ளி எறிந்துவிட்டு, எறும்பின் தலைகளை மட்டும் விட்டுவிடும் முறையையும் அந்நூல் சொல்கிறது. உடலுக்குள் விடப்பட்டுத் தானே கரைந்து போகும் இணைப்புக்கு மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக இதைக் கொள்ளலாம். யானைகளின் நோய்களைப் பேசும் பாலகாப்பியரின் ஹஸ்தியாயுர்வேதத்திலும் அறுவை மருத்துவத்துக்கென்றே 'சல்லியம்' என்ற தனிப்பகுதி உண்டு.

ரோமப் பேரரசில் கிளாடியேட்டர்களின் காயங்களுக்கு மருத்துவம் பார்த்த கேலன், இரத்தக்குழாய்களைக் கட்டப் பட்டும் குடல் நூலும் பயன்படும் என்று எழுதினார். பத்தாம் நூற்றாண்டில் கொர்தோபாவின் அல்-சஹ்ராவி, வயிற்றுக் காயங்களைத் தைக்கக் குடல் நூலைப் பயன்படுத்துவதை விளக்கினார். அக்காலத்தில் குடலை முறுக்கி நூலாக்கும் கைத்தொழிலுக்கு மருத்துவத்தைவிட இசைக்கருவிகளே பெரிய வாடிக்கையாளர்கள். நரம்புக் கருவிகளின் நரம்புகள் குடலால் ஆனவை. மருத்துவர்கள் அங்கிருந்துதான் கடன் வாங்கினார்கள்.

ஐரோப்பாவில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவர்கள் பெரும்பாலும் லாடம் அடிப்பவர்களே. கழுத்து நரம்பில் இரத்தம் எடுத்த பிறகு, அவர்கள் தோலின் இரு விளிம்புகளிலும் ஓர் ஊசியைக் குத்தி, அதைச் சுற்றிக் குதிரை மயிரையோ சணலையோ எட்டு வடிவில் கட்டிவிடுவார்கள். நோயாளியின் வாலில் இருந்தே மருந்துப் பொருள் கிடைத்துவிட்டது. 1762-இல் பிரான்சின் லியோன் நகரில் குளோட் பூர்ஜெலா தொடங்கிய முதல் கால்நடை மருத்துவப் பள்ளி இந்தத் தொழிலை லாடக்காரர்களிடமிருந்து கல்விக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. ஆயினும் புண்ணைத் தைக்கும் பொருட்கள் அதனால் உடனே மாறிவிடவில்லை.

கன்றின் கழுத்தில் கண்டது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுவை மருத்துவர்களின் பெருந்தொல்லை, இரத்தக்குழாயைக் கட்டும் நூல்தான். பட்டு நூலால் கட்டி, அதன் முனையை நீளமாகப் புண்ணுக்கு வெளியே தொங்கவிடுவார்கள். சீழ் பிடித்து நூல் அழுகி விழும்வரை காத்திருப்பார்கள். சில வேளைகளில் நூலோடு இரத்தக்குழாயும் அறுந்துகொள்ளும். 1816-இல் பிலடெல்பியாவின் பிலிப் சிங் ஃபிசிக், உடலில் கரையும் தோல் நூலைப் பரிந்துரைத்தார். அடுத்த ஆண்டே லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் குடல் நூலைப் பயன்படுத்திப் பார்த்தார். ஆனால் கிருமிகள் பற்றிய அறிவு இல்லாத காலத்தில் இந்த முயற்சிகள் நிலைக்கவில்லை. அழுக்கான குடல் நூல் புண்ணுக்குள் சீழையே வளர்த்தது.

அறுவைக் காயங்களில் கிருமிகளைத் தடுக்கக் கார்பாலிக் அமிலத்தைப் புகுத்திய ஜோசப் லிஸ்டர், கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்தபோது இந்தச் சிக்கலுக்குத் திரும்பினார். 1868-இன் இறுதியில் ஒரு கன்றின் கழுத்துத் தமனியை இரண்டு இடங்களில் கட்டினார். ஒரு கட்டு மாட்டின் வயிற்று உறையைக் கீறித் திரித்த நூலால் ஆனது. மற்றொன்று குடல் நூல். இரண்டும் கார்பாலிக் அமிலத்தில் ஊறியவை. கன்று நலமாக இருந்தது. முப்பது நாட்களுக்குப் பின் அது கொல்லப்பட்டு, கழுத்துப் பகுதி ஆராயப்பட்டது.

முதற் பார்வையில் கட்டுகள் இரண்டும் போட்டபடியே இருப்பதுபோலத் தோன்றின. கூர்ந்து பார்த்தபோது அவை நூல்களாக இல்லை. நூல் இருந்த இடத்தில் அதே வடிவில் உயிருள்ள திசு வளர்ந்து தமனியோடு ஒன்றியிருந்தது. செத்த குடல் நூலுக்குள் கன்றின் உயிரணுக்கள் புகுந்து, பழையதை அகற்றிக்கொண்டே புதியதைக் கட்டியிருந்தன. 1869 ஏப்ரலில் 'லான்செட்' இதழில் லிஸ்டர் இதை வெளியிட்டார்.

இந்தக் கட்டுரையில் இரண்டு செய்திகள் இருந்தன. கிருமி நீக்கிய குடல் நூலை உடலுக்குள் அச்சமின்றி விட்டுவிடலாம் என்பது ஒன்று. அந்த நூலின் இடத்தில் உடல் தன் சொந்தத் திசுவைக் கட்டிக்கொள்கிறது என்பது மற்றொன்று. மருத்துவ உலகம் முதல் செய்தியை உடனே எடுத்துக்கொண்டது. இரண்டாவது செய்தி ஏறக்குறைய 120 ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. என் பார்வையில் இந்த வரலாற்றின் மிகப்பெரிய இடைவெளி இதுதான்.

நூல் தொழிலாகிறது

குடல் நூலின் குறை, அது சீக்கிரம் கரைந்துவிடுவது. சாதாரண கேட்கட் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் பெரும்பாலான வலுவை இழந்துவிடும். லிஸ்டரே குரோமிக் அமிலத்தில் ஊறவைத்து இதற்குத் தீர்வு கண்டார். தோல் பதனிடுதலில் குரோமிய உப்புகள் செய்யும் வேலையும் இதுவே. கொலாஜன் நார்களைக் குரோமியம் ஒன்றோடொன்று பிணைப்பதால், நொதிகள் அவற்றை அறுக்கக் காலம் கூடுகிறது. குரோமிக் கேட்கட் இரண்டு முதல் மூன்று வாரங்கள் தாங்கும். ஒரு வகையில் அது பதனிட்ட தோலின் தம்பி.

1908 முதல் ஜெர்மனியின் பி. பிரவுன் நிறுவனம் கேட்கட்டை ஆலையில் தயாரித்தது. ஆட்டுக் குடலில் இதற்குப் பயன்படுவது, உட்புறச் சளிப்படலத்துக்கும் வெளிப்புறத் தசைக்கும் இடையே உள்ள மெல்லிய அடுக்கு. அதுவே குடலின் வலுவுக்குக் காரணம். இதை இங்கே குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. பின்னர் நாம் காணப்போகும் கண்டுபிடிப்பும் இதே அடுக்கைப் பற்றியதுதான்.

மாடு, குதிரை, நாய் என எல்லா விலங்குகளுக்கும் கேட்கட் வந்து சேர்ந்தது. ஆனால் விலங்குகளின் உடலுக்கென்று அது வடிவமைக்கப்படவில்லை, மனிதருக்குச் செய்தது அப்படியே வந்தது. வயிற்று அமிலம் படும் இடங்களிலும் சீழ் பிடித்த புண்ணிலும் அது கணக்கைவிட வேகமாகக் கரையும். 1970-களில் பாலிகிளைகாலிக் அமிலம் முதலிய செயற்கைக் கரையும் நூல்கள் வந்தபின் மனித மருத்துவத்தில் கேட்கட்டின் இடம் சுருங்கியது. மாடுகளின் 'பைத்தியப் பசு' நோய் குறித்த அச்சத்தால் 2000-ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பாவில் மனிதருக்கு அதைப் பயன்படுத்துவது ஏறக்குறைய நின்றுபோனது. கால்நடை மருத்துவத்தில் மட்டும் அது தொடர்கிறது. காரணம் எளியது. விலை குறைவு, முடிச்சுப் போட எளிது, ஈரமான பெரிய உறுப்புகளைத் தைக்கக் கைக்கு இதமானது.

பர்டூவின் நாய்கள்

1987-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பேடிலாக் ஒரு சோதனை செய்தார். அவர் முதலில் கால்நடை மருத்துவர், பின்னர் மனித மருத்துவமும் படித்தவர். செயற்கைத் துணியால் செய்த இரத்தக்குழாய்களில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் சிக்கலுக்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்தார். உடலில் குழாய் வடிவில் இருப்பது வேறு என்ன என்று யோசித்தால் குடல் நினைவுக்கு வரும். ஒரு நாயின் பெருந்தமனியில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதே நாயின் சிறுகுடல் துண்டைத் தைத்தார். நாய் பிழைக்கும் என்று அவர் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. பிழைத்தது.

அடுத்தடுத்த சோதனைகளில் குடலின் உட்படலமும் வெளித்தசையும் சுரண்டி நீக்கப்பட்டன. எஞ்சியது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள, ஒளி ஊடுருவும் அடுக்கு. ஆம், கேட்கட் நூலாகும் அதே அடுக்கு. மாதங்கள் கழித்து ஆராய்ந்தபோது குடலின் அடையாளமே தெரியவில்லை. அங்கே இருந்தது தமனியின் சுவரை ஒத்த திசு. பேடிலாக், கால்நடை அறுவை மருத்துவர் கேரி லேண்ட்ஸ், உயிர்மருத்துவப் பொறியாளர் லெஸ்லி கெடெஸ் உள்ளிட்டோர் 1989-இல் இதை வெளியிட்டனர். பன்றியின் குடலடுக்கை நாய்க்கு வைத்தபோதும் உடல் அதை உதறித் தள்ளவில்லை. 1995-இல் வெளியான சோதனையில் இதே அடுக்கு நாயின் குதிகால் தசைநாண் இருந்த இடத்தில் வைக்கப்பட்டது. அங்கே அது தசைநாணாக மாறியது.

ஒரே பொருள் தமனியில் தமனியாகவும் தசைநாணில் தசைநாணாகவும் மாறுவது எப்படி? அந்நியன் என்று உடல் அடையாளம் காண்பது பெரும்பாலும் உயிரணுக்களின் மேலுள்ள குறிகளைத்தான். உயிரணுக்களைக் கழுவி நீக்கிவிட்டால் மீதமிருக்கும் கொலாஜன் சட்டகம் பாலூட்டிகள் அனைத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அந்தச் சட்டகத்தில் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களும் தங்கியிருக்கும். நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை மெல்ல அரிக்கும்போது, உதிரும் துணுக்குகளே அருகிலுள்ள இளம் உயிரணுக்களை அழைக்கின்றன. வந்தவை எந்த இடத்தில் எந்த இழுவிசையும் அழுத்தமும் இருக்கிறதோ அதற்கேற்பத் திசுவைக் கட்டுகின்றன. திரித்து இறுக்கி, வேதிப்பொருளில் ஊறவைத்த நூலில் உயிரணுக்கள் எளிதில் நுழைய முடியாது. விரித்த தாளில் நுழையலாம். கன்றின் கழுத்தில் லிஸ்டர் கண்டது இதன் சிறு வடிவமே.

1990-களின் இறுதியில் இந்தப் பொருள் மனிதரின் குடலிறக்க அறுவைக்கு வந்துவிட்டது. நாய், பூனை, குதிரை ஆகியவற்றின் கருவிழிப் புண்களை மூடவும், ஆறாத தோல் காயங்களுக்கும் கால்நடைப் பதிப்பு ஒன்றும் விற்பனைக்கு வந்தது. பன்றியின் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த இதே போன்ற பொருள், பந்தயக் குதிரைகளின் கால் தசைநாண் காயங்களில் செலுத்தப்பட்டது. நாயின் உடலில் பிறந்த அறிவு, இப்படி நாய்க்கே மருந்தாகத் திரும்பியது.

குதிரையின் கால்

எல்லாம் வெற்றிக்கதை என்று எண்ணிவிடக் கூடாது. குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை இல்லை. தோல், தசைநாண், எலும்பு அவ்வளவுதான். அங்கே ஏற்படும் காயம் சுருங்கி மூடுவதற்குப் பதிலாக, சிவந்த மிகைச் சதையாக வளர்ந்து தோலுக்கு மேலே புடைத்துக்கொள்ளும். தோல் அதன்மேல் ஏற முடியாது. மட்டக் குதிரைகளில் இத்தொல்லை குறைவு, பெரிய குதிரைகளில் அதிகம்.

இதற்குப் பல இயற்கைப் பொருட்கள் முயலப்பட்டன. பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குட உறை அவற்றுள் ஒன்று. மனிதரின் புண்களுக்கு அதை 1910-லேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முயன்றிருக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் குதிரையின் பனிக்குட உறையைக் குதிரைக் கால் புண்களின்மேல் பரப்பியபோது பலன் நம்பிக்கை தந்தது. ஆனால் 2004-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு வேறு கதை சொன்னது. வேறு குதிரையின் தோல், வேறு குதிரையின் வயிற்று உறை, பன்றியின் குடலடுக்கு ஆகிய மூன்றையும் சாதாரணக் கட்டோடு ஒப்பிட்டபோது, ஆறும் காலத்திலோ தொற்றிலோ மிகைச் சதையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. விலை உயர்ந்த மூன்று பொருட்களும் எளிய கட்டைவிட மேலானவையாக இல்லை.

இது அந்தப் பொருட்களை ஒதுக்கச் சொல்லும் சான்று அன்று. புதிதாக வெட்டிய சுத்தமான புண்ணில் உடலே வேலையைப் பார்த்துக்கொள்ளும். பெரிய பகுதி இழந்த இடத்தில், அல்லது தைக்கவே இயலாத இடத்தில் மட்டுமே சட்டகத்துக்கு வேலை இருக்கிறது. ஆனால் விளம்பரங்கள் அந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. கால்நடை மருத்துவத்தில் ஒரு பொருளை விற்பதற்கு மனித மருத்துவத்தில் கேட்கப்படும் அளவு சான்றுகள் பல நாடுகளில் கேட்கப்படுவதும் இல்லை. செலவு முழுவதும் விலங்கின் உரிமையாளர் தலையில் விழும்போது, இப்படிப்பட்ட 'பயனில்லை' என்ற ஆய்வுகளுக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஜிலேபி மீனும் கரடியும்

பிரேசிலின் சியாரா மாநிலத்தில் திலாப்பியா வளர்ப்பு பெருந்தொழில். நம் ஊர் ஏரிகளில் 'ஜிலேபி' என்று அழைக்கப்படும் மீன்தான் அது. அங்கே அதன் சதை விற்கப்படும், தோல் பெரும்பாலும் குப்பைக்குப் போகும். தானம் பெற்ற மனிதத் தோல் போதுமான அளவு கிடைக்காத அந்நாட்டில், சியாரா கூட்டாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-களின் நடுவில் அந்த மீன் தோலைத் தூய்மையாக்கித் தீக்காயங்களின்மேல் ஒட்டத் தொடங்கினர். அதில் கொலாஜன் மிகுதி. ஈரத்தை நெடுநேரம் காக்கும். புண்ணோடு ஒட்டிக்கொள்வதால் தினமும் கட்டை அவிழ்க்கும் வேதனை இல்லை. வட அட்லாண்டிக்கில் ஐஸ்லாந்தின் கெரெசிஸ் நிறுவனம் காட் மீனின் தோலை ஏற்கெனவே இதே வழியில் மருந்துப் பொருளாக்கியிருந்தது.

2017 டிசம்பரில் தெற்குக் கலிபோர்னியாவைத் தாமஸ் தீ எனப்படும் பெருங்காட்டுத்தீ எரித்தது. பாதங்கள் வெந்த இரண்டு பெண் கருங்கரடிகளும் ஒரு மலைச்சிங்கக் குட்டியும் வனவிலங்குத் துறையிடம் வந்தன. கரடிகளில் ஒன்று கருவுற்றிருந்தது. இங்கே வழக்கமான சிகிச்சை எதுவும் நடக்காது. கட்டு மாற்ற ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து தர வேண்டும். அது கருவுக்கும் தாய்க்கும் ஆபத்து. வலி மாத்திரையை உணவில் வைத்தால் கரடி எப்போதும் தின்னும் என்ற உறுதி இல்லை. துணிக்கட்டைக் கடித்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் ஜேமி பெய்டன், பிரேசில் செய்தியை நினைவில் வைத்திருந்தார். உள்ளூர்ச் சந்தையில் வாங்கிய திலாப்பியாவின் தோலைத் தூய்மைப்படுத்தி, வெந்த பாதங்களில் தைத்து ஒட்டினார். அதன்மேல் அரிசித் தாளும் மக்காச்சோள மட்டையும் சுற்றினார். கரடி அவற்றைத் தின்றாலும் கேடில்லை. கருவிகளின் பட்டியல் ஒரு சமையலறைப் பட்டியல்போல இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. படுத்தே கிடந்த முதல் கரடி மயக்கம் தெளிந்தபின் எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தது. பாதத்தில் வலி குறைந்ததற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. சில வாரங்களில் புதுத்தோல் வளர்ந்தது. 2018 ஜனவரியில் இரு கரடிகளும் காட்டுக்குத் திரும்பின. குட்டி தனியே வாழும் வயதை எட்டாததால் அதைக் காட்டில் விடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வடக்குக் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரைத் தீ அழித்தபோது, மீன் தோல் நாய்களுக்கும் பயன்பட்டது.

கன்றும் நாயும் மனிதருக்காகச் சோதிக்கப்பட்டவை. இந்தக் கரடிகளின் சிகிச்சையில் மட்டும் கேள்வியே கரடியிடமிருந்து தொடங்கியது. கட்டை மாற்ற முடியாத, மாத்திரை விழுங்காத, கட்டைத் தின்றுவிடக்கூடிய நோயாளிக்கு என்ன பொருள் பொருந்தும் என்று முதலில் கேட்டு, பிறகு பொருளைத் தேடினார்கள்.

இந்தியாவில்

இந்தியாவில் இந்தத் துறைக்கு இரண்டு இயல்பான வசதிகள் உண்டு. ஒன்று, உலகின் மிகப்பெரிய கால்நடைத் தொகைகளில் ஒன்று இங்கே இருக்கிறது. மற்றொன்று, இறைச்சிக் கூடங்களில் வீணாகும் உறுப்புகள். உத்தரப்பிரதேசத்தின் இஜத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறுவை மருத்துவப் பிரிவு, எருமையின் இதய உறை, பன்றியின் பித்தப்பை, மீனின் காற்றுப்பை ஆகியவற்றிலிருந்து உயிரணுக்களை நீக்கிச் சட்டகங்கள் தயாரித்திருக்கிறது. கன்றுகளில் அடிக்கடி காணும் தொப்புள் குடலிறக்கத்தை மூட இவை பயன்படுத்தப்பட்டன. செயற்கை வலைத்துணி வைத்தால் தொற்று வந்தபோது அதை மீண்டும் அறுத்து எடுக்க வேண்டியிருக்கும். தொழுவத்துச் சாணத்தில் படுக்கும் கன்றுக்கு அந்த ஆபத்து சிறியதன்று.

சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பதனிடுதலுக்காக அமைந்தது. கொலாஜனைப் பற்றித் தெரிந்தவர்கள் அங்கே இருந்ததால் புண்களுக்கான கொலாஜன் பொருட்களிலும் ஆய்வு விரிந்தது. குரோமிக் கேட்கட்டின் கதையை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில், கால்நடை மருத்துவம் படித்த டி.வி. அனில்குமாரின் குழு பன்றியின் பித்தப்பையிலிருந்து புண் மூடும் சட்டகம் ஒன்றை உருவாக்கியது. 'கோலிடெர்ம்' என்ற அந்தப் பொருளுக்கு 2023-இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் கிடைத்தது. ஒப்புதல் மனிதரின் புண்களுக்கானது. பன்றிப் பொருளும் மாட்டுப் பொருளும் நம் நாட்டில் பலருக்கு ஏற்புடையவை அல்ல என்பதால், மீனிலிருந்து பெறும் கொலாஜனில் ஆய்வாளர்களின் கவனம் கூடிவருகிறது.

கிராமத்துக் கால்நடை மருந்தகத்தை இந்தச் சட்டகங்கள் இன்னும் எட்டவில்லை. நகரத் தெருவில் நெகிழிப் பைகளை விழுங்கி வயிறு புடைத்த பசுவுக்கு அங்கே அறுவை நடக்கும்போது, நெகிழியை அள்ளி எடுத்தபின் இரைப்பையை மூடுவதற்கு மருத்துவர் பெரும்பாலும் பிரிப்பது குரோமிக் கேட்கட் உறையைத்தான்.